இரண்டு சைக்கிள் நீளம்

நாணயங்கள் இரண்டும் உருண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தன. பூசாரி குனிந்து பார்த்தார். இரண்டிலும் பூ.

"வரமாட்டேங்குறாரு."

யூ-பிங் கறுப்புக் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். குடைக்கடியில் அப்பாவின் பெயர் எழுதிய காகிதமும் ஊதுபத்தியும் அவள் கையிலேயே இருந்தன. முந்தாநாள், இதே ஷௌகா கணவாயின் உச்சியில், இதே பெஞ்சில்தான் அப்பா இறந்துபோனார். உடம்பு அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டது; தீவைச் சுற்ற அப்பாவும் அவளும் ஓட்டிவந்த சைக்கிள்களை இன்றுதான் வேனில் ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வெளியே இறந்தவரின் உயிரை மட்டும் இறந்த இடத்துக்கே வந்து, கேட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். ஒன்றில் தலையும் ஒன்றில் பூவும் விழுந்தால் சம்மதம். அதுவரை சடங்கு முடியாது.

சித்தப்பா நாணயங்களைப் பொறுக்கிக்கொண்டு பெஞ்சின் முன்னால் நின்றார்.

"அண்ணே, வேன்ல ஏசி இருக்கு. முன்சீட்டு உனக்குத்தான். ஏறிக்கோ."

இரண்டிலும் தலை.

"இது சிரிப்பு. உங்க அண்ணன் சிரிக்கிறாரு" என்றார் பூசாரி.

"உசுரோட இருந்தப்ப என்னைப் பாத்து சிரிச்சது பத்தாதா?"

மேற்குப் பக்கத்து ஏற்றத்திலிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. உயரம் பொறித்த கல்லைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அவர்களும் தீவைச் சுற்றுகிறவர்கள்தான். சாவுச் சடங்குக் குடையைப் பார்த்ததும் ஒரு பெண் சட்டென்று செல்போனைத் தாழ்த்திவிட்டு மற்றவர்களை அடக்கினாள். சீக்கிரமே கிழக்கே இறங்கிப் போய்விட்டார்கள். சக்கரங்களின் சத்தம் மட்டும் மூடுபனிக்குள் கொஞ்ச நேரம் கேட்டது.

யூ-பிங் அந்தச் சத்தத்தைக் கேட்காதவள்போல் நின்றாள்.

என்ன கேட்டால் அப்பா வருவார் என்று அவளுக்குத் தெரியும். சித்தப்பா முதல் தடவை நாணயத்தை வீசியபோதே தெரியும்.

ஒசாகாவில் ஒரு பேக்கரி வேலை அவளுக்காகக் காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "என்கூட ஒருதடவை தீவைச் சுத்து. சுத்து முடியட்டும், அப்புறம் நீ எங்க வேணா போ" என்றார். அவள் சைக்கிளை எடுத்தாள். "ரெண்டு சைக்கிள் நீளம் விட்டு வா. முந்தாதே." ஊரை விட்டுக் கிளம்பியது முதல் அவள் பார்த்ததெல்லாம் அந்த முதுகுதான். யோசித்தால், அதற்கு முன்பும் அதுதான்.

முந்தாநாள் உச்சிக்கு முன் கடைசி வளைவில் முதுகு மறைந்தது. அவள் வந்து சேர்ந்தபோது அப்பா தலைக்கவசத்தோடு பெஞ்சில் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார். அவள் எழுப்பவில்லை. சோற்றுருண்டையைப் பிரித்து, அவசரமில்லாமல், முழுசாகத் தின்றாள். யாரும் எதுவும் சொல்லாமல் தின்ற முதல் சாப்பாடு.

"துக்கம் முடிஞ்ச கையோட கிளம்பினா நீ வேலைக்குப் போய்ச் சேந்துடலாம்மா" என்று சித்தப்பா காலையில் வேனில் சொல்லியிருந்தார். இப்போது அவருக்கும் குரல் தேய்ந்துவிட்டது. சட்டை பிடிக்கலையா, பசியா, கோபமா என்று கேட்டுப் பார்த்தார். பூ, பூ. தலை, தலை.

"இன்னைக்கு வரலேன்னா நாளைக்கு வருவோம். அவரு வர்ற வரைக்கும் வந்துதான் ஆகணும்" என்ற பூசாரி நாணயங்களை அவளிடம் நீட்டினார். "மகதானே, நீ கேளு பொண்ணே."

குடையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

ஒன்று தலை. ஒன்று பூ.

"அப்பாடா!" சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "வேன்ல வர்றானா? என்னடி கேட்டே?"

அவள் நாணயங்களைப் பார்த்தபடியே இருந்தாள். கேட்டது யார் காதிலும் விழவில்லை. 'ஆமாம்' என்றால் போதும். பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிடலாம்.

"சொல்லேன்டி."

"என் சைக்கிளை வேன்லேர்ந்து இறக்குங்க, சித்தப்பா."

"எதுக்கு?"

அவள் கிழக்கே இறங்கும் சாலையைக் காட்டினாள்.

"பைத்தியமா உனக்கு? கிழக்க இறங்கினா பாதித் தீவைச் சுத்தித்தான் வீடு. உன் வேலை என்னாவறது?"

"சுத்து முடியட்டும்."

சித்தப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி கைகளை விரித்தார். "எந்த வழியா வர்றதுங்கறது அவரு இஷ்டம். ஒண்ணு மட்டும், பொண்ணே. ஒவ்வொரு பாலத்துலயும் கூப்பிட்டுச் சொல்லிடு. இல்லேன்னா தண்ணியைத் தாண்டத் தெரியாம நின்னுடுவாரு."

காகிதத்தைச் சைக்கிளின் முன்பையில் வைத்து மூடினாள். சித்தப்பா குடையைப் பின்னால் கட்டிவிட்டார். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

சாலை செங்குத்தாக இறங்கியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பனி விலகி, தூரத்தில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. முதல் பாலம் வந்தது.

"அப்பா, பாலம்."

சைக்கிள் ஓடத் துடித்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அவள் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, முன்னால் இரண்டு சைக்கிள் நீளம் இடம் விட்டு இறங்கினாள்.