ஏழரைப் பவுண்டு காற்று

வண்ணார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஞானசிகாமணிக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ‘வேண்டாம் அண்ணாச்சி’. யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான். கம்பெனிக்காரன் கொடுத்தபடியே ஓட்டினால் வண்டி உழைக்கும் என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றாறு ஆனி மாதம், தாஜ் முகம்மது ஒரு சாக்குப்பையோடு வந்து இறங்கினார். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு டீசல் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டுகிறவர். பைக்குள் நத்தைக் கூடு போல ஓர் இரும்பு உருண்டை. தூத்துக்குடியில் உடைத்துப் போட்ட ஜப்பான் கார் ஒன்றின் டர்போ.

“இதை நம்ம வண்டியில மாட்டணும் அண்ணாச்சி.”

“வேண்டாம்.”

“நான் சொல்லுததைக் கேளுங்க. ஏழு பேரை ஏத்துனா ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் நாலு பேரை இறக்கி நடக்க விட வேண்டியிருக்கு. நேத்து ஒரு பெரியவர், ‘பாய், வாடகை குடுத்துட்டு நாங்க நடக்கோம், உம்ம காரு சும்மா வருது’ங்காரு. எல்லாரும் சிரிக்காவ. நானும் சிரிச்சேன். என்ன செய்ய?”

அந்தச் சிரிப்புதான் ஞானசிகாமணியை அசைத்தது. உருண்டையைக் கையில் வாங்கி, உள்ளே இருந்த விசிறியைச் சுண்டிப் பார்த்தார். ஓசையில்லாமல் சுற்றியது.

“இஞ்சின் குடுக்குதது நாப்பது குதிரை சக்தி. பிஸ்டன், ராடு, ஹெட்டு எல்லாம் அதுக்குன்னு செஞ்சது. புகையோட வேகத்துல இது சுத்தி, காத்தை அமுக்கி உள்ள தள்ளும். அஞ்சு பவுண்டு அழுத்தத்துல தள்ளுனா அம்பது குதிரை வரும். அது வரைக்கும் தாங்கும்னு நினைக்கேன். அதுக்கு மேல எதுக்கும் நான் பொறுப்பில்ல.”

“அஞ்சு போதும் அண்ணாச்சி.”

பதினோரு நாள் ஆயிற்று. குழாய்களை வளைத்து ஒட்டி, டர்போவுக்கு எண்ணெய் போக வழி செய்து, டீசல் பம்பின் திருகைக் கொஞ்சம் கூட்டி, டேஷ்போர்டில் காற்றழுத்தம் காட்ட, எண் இல்லாமல் கோடு மட்டும் போட்ட முள் ஒன்றும் வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் புகையை வெளியே விடும் கதவு ஒன்று டர்போவில் உண்டு. அதன் கம்பியில் உள்ள நட்டை இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும். ஐந்தில் நிற்கும்படி அதை வைத்தார்.

வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் தனியாக ஸ்ரீவைகுண்டம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். முள் ஐந்தைத் தொட்டதும் மெல்லிய விசில் எழுந்தது. முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்கியது போலிருந்தது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் வண்டிக்குள் தலையை நுழைத்தவருக்கு இப்படி ஒரு குதூகலம் வந்ததே இல்லை. வாழைத்தோட்டத்து ஓரம் நிறுத்தி, பானட்டைத் திறந்து, நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். முள் ஏழரைக்குப் போனது. லாரி ஒன்றை வெட்டித் தாண்டியபோது வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் நட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்று நினைத்தார். கையில் ஸ்பேனரும் இருந்தது. ‘இன்னும் கொஞ்சம் தாங்கும்’ என்று மனசு சொன்னது. தாஜ் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார். முள்ளில் எந்த இடம் ஐந்து என்று தாஜ் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மணிமுத்தாறு டெலிபோன் பூத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் பேசினார். மேலே பாதி வழியில் வண்டி நின்றுவிட்டதாம்.

ஞானசிகாமணி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மலையில் சாரல். தாஜ் ரோட்டோரக் கல்லில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு அடியில் தண்ணீர் வழிந்து கிடந்தது. எண்ணெய்க் குச்சியை உருவினால் பால் விட்ட தேத்தண்ணி நிறம். தண்ணீரையும் எண்ணெயையும் கலக்கவிடாமல் அடைத்து வைக்கும் ஹெட்டு கேஸ்கெட் அழுத்தம் தாங்காமல் போய்விட்டது.

“ஆளுக எங்க?”

“எஸ்டேட் பஸ்ல ஏத்தி விட்டேன். பிரசவமாகிப் பத்து நாளான பிள்ளை ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. பச்சைக் குழந்தையை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வண்டிக்குள்ள கிடந்துச்சு. ஒரு வார்த்தை வையல.” தாஜ் தலையைக் கவிழ்த்தார். “எல்லாம் என் காலு செஞ்ச வேலை. யாரும் இறங்க வேண்டாம்னு சொல்லி அமுக்கிட்டேன். நீங்க அஞ்சுதான்னு சொன்னீங்க, நான்தான் கேக்கல.”

பேசாமல் இருந்தால் அதோடு முடிந்துவிடும். அது ஞானசிகாமணிக்கு நன்றாகத் தெரிந்தது. பானட்டுக்குள் கையை விட்டு அந்த நட்டைத் தொட்டுக் காட்டினார்.

“உம்ம காலு இல்ல, பாய். அஞ்சுல வச்சிருந்தா நீரு எவ்வளவு அமுக்குனாலும் அதுக்கு மேல ஏறாது. நான் ஏழரைக்கு இறுக்கி வச்சேன். உமக்குத் தெரியாது.”

தாஜ் நிமிர்ந்தார். “எதுக்கு?”

“ஆசை. வேற ஒண்ணுமில்ல.”

தாஜ் எழுந்து வளைவு வரை நடந்து போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. அதுவரை ஞானசிகாமணி மழையிலேயே நின்றார்.

“அந்தப் பிள்ளை மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“நானும் வாரேன். நானே சொல்லுதேன்.”

வண்டியை லாரியில் கட்டிக் கீழே இறக்கினார்கள். ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தி, கேஸ்கெட் மாற்றி, நான்கு பிஸ்டனையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் ஞானசிகாமணி. ஒன்றின் விளிம்பு லேசாக உருகத் தொடங்கியிருந்தது. அதையும் மாற்றினார். தாஜ் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். நட்டை வைக்கும் நேரத்தில் மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“ஆறு தாங்குமா அண்ணாச்சி?”

ஞானசிகாமணி திடுக்கிட்டுப் பார்த்தார். தாஜின் மீசைக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது.

“வேண்டாம்வே,” என்றார். இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

முதல் சவாரிக்கு ஞானசிகாமணியும் முன்சீட்டில் ஏறினார். முள் ஐந்துக்கு மேல் போகவில்லை. எந்த வளைவிலும் யாரும் இறங்கவில்லை, பைய ஏறியது வண்டி. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய், வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னார். அவளுக்கு டர்போவும் புரியவில்லை, பவுண்டும் புரியவில்லை.

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீக?” என்று கேட்டுவிட்டு, குழந்தையை அவர் கையில் கொடுத்து, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.