பச்சைக்கொடியாரின் திரை

அந்த ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவு மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பச்சைக்கொடியார். அவர் அறையில் சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் ஓடுவது சேமிப்பகத்தின் கன்சோல். நோயாளிகளின் ஸ்கேன் படங்களைச் சுமக்கும் டிஸ்க்குகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. நலமென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு, பழுது பார்க்கும்போது மஞ்சள். பாவம், பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அந்தக் கன்சோல். இவர் கையில் போய்ச் சிக்கியது அதன் தலையெழுத்து.

சிவப்பு வந்தால் ஓரத்தில் 'பார்த்துவிட்டேன்' என்றொரு பொத்தானும் வரும். விஷயம் தெரிந்துவிட்டது, ஆளை அனுப்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். இவரோ அதையே வைத்தியம் என்று நினைத்தார். அழுத்தினால் கட்டம் பச்சையாகிவிடும். செத்த டிஸ்க் செத்தபடியே கிடக்கும். அழுத்திய பிறகு, பெரிய ஆபரேஷன் முடித்தவர் மாதிரி விரலைத் துடைத்துக்கொள்வார்.

சேமிப்பகத்தைக் கவனிக்கும் பொறியாளரை எல்லோரும் டிஸ்க்கம்மா என்பார்கள். அவளுக்கு அந்த விரலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். திரையை நம்பாமல் தினமும் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போய், டிஸ்க்குகளின் மேலேயே இருக்கும் குட்டி விளக்குகளைப் பார்த்துவிட்டு வருவாள்.

அன்றைக்கு மூன்றாவது வரிசையில் ஒரு விளக்கு சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆறு டிஸ்க் சேர்ந்தது ஒரு குழு. ஒன்று போனால் மற்ற ஐந்தும் சமாளிக்கும். இரண்டாவதும் போனால் அத்தனை படமும் அம்பேல். வேறு நகலும் கிடையாது. நகல் எடுக்கும் கருவிக்கான விண்ணப்பம் நாலு மாதமாகப் பச்சைக்கொடியாரின் மேசையில் கையெழுத்துக்குத் தவம் கிடந்தது.

அந்தக் குழுவில் அவள் அக்காவின் தலையும் இருந்தது. ஆறு வருஷமாக மூளையோரத்தில் ஒரு கட்டி. நாளை மறுநாள் டாக்டர் பழைய படங்களையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அது வளர்ந்திருக்கிறதா என்று சொல்வார். பழையது இல்லையென்றால் மண்டையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். டிஸ்க்கம்மா நேராகப் பச்சைக்கொடியாரின் அறைக்கு ஓடினாள்.

"சார், ஒரு டிஸ்க் செத்துடுச்சு. அலமாரியைத் திறங்க, புதுசு மாட்டணும்."

"எங்கம்மா செத்துது? இதோ பாரு, எல்லாம் பச்சை."

"நீங்க பொத்தானை அமுக்கினதால பச்சை."

"ஆமா, அமுக்கினேன், சரியாயிடுச்சு. அப்புறம் என்ன?"

"பக்கத்துல இருக்கறதும் இழுத்துக்கிட்டு கிடக்கு சார். அதுவும் போனா ஒரு படம் மிஞ்சாது."

"புதுசு மாட்டினா திரையில என்ன தெரியும்?"

"மத்ததுலேர்ந்து படமெல்லாம் அதுல நிரம்பற வரைக்கும் ஏழு மணி நேரம் மஞ்சள் தெரியும்."

மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இன்னிக்கு நிர்வாகக் குழுத் தலைவர் திரையைப் பாக்க வர்றாரு! மஞ்சளாவது மண்ணாங்கட்டியாவது. எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், போம்மா."

அவள் போனாள். மாற்று டிஸ்க்குகள் இருந்த அலமாரியில் பூட்டு என்னவோ தேங்காய் அளவுக்குத் தொங்கியது. கதவோ மூன்று திருகில் நின்றது. அவற்றைக் கழற்றி, இரண்டு டிஸ்க்கை எடுத்தாள். பத்து மணிக்குச் செத்ததை உருவிப் புதியதைச் சொருகினாள்.

பதினோரு மணிக்குத் தலைவர் வந்தபோது திரையின் நடுவில் ஒரு கட்டம் மஞ்சளாக ஜொலித்தது. பச்சைக்கொடியார் பொத்தானைத் தேடினார். மஞ்சளுக்குப் பொத்தான் கிடையாது.

"அது என்னங்க மஞ்சளா?" என்றார் தலைவர்.

"அது... நாங்களே யோசிச்சுச் சேர்த்த புது அம்சம் சார்."

"நல்லாருக்கே. ஒரே பச்சையா இருந்தா கண்ணு சலிச்சிடும். இன்னும் ரெண்டு போடுங்க."

இவர் திரையை ஆள்கிறார், அவர் இவரை ஆள்கிறார். ஆஸ்பத்திரி இன்னும் நடப்பதே அதிசயம்தான்.

ஐந்து மணிக்குப் புது டிஸ்க் நிரம்பி முடிந்தது. ஐந்தே காலுக்கு, சிமிட்டிக்கொண்டிருந்தது உயிரை விட்டது. வெறும் பதினைந்து நிமிடம். அவள் குளிர் அறைத் தரையில் உட்கார்ந்து விசும்பி அழுதாள். பிறகு எழுந்து இரண்டாவதையும் சொருகினாள்.

மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றித் திரையில் மஞ்சள் உண்டாக்கியது ஏன் என்று மூன்று நாளில் விளக்க வேண்டுமாம். படித்துவிட்டுக் கைப்பையில் திணித்தாள்.

அதற்கடுத்த நாள், அக்காவும் தங்கையும் எதிரே உட்கார்ந்திருக்க, டாக்டர் ஆறு வருஷப் படங்களையும் வரிசையாகத் திறந்தார். "வளரவே இல்லம்மா. ஆபரேஷன் வேண்டாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இத்தனை வருஷத்துப் படத்தை யாரு டாக்டர் இவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க?"

"கீழ மேலாளர் ஒருத்தர் இருக்காரு. சுவர் அளவுக்குத் திரை வச்சு, கண்ணை எடுக்காம பாத்துக்கிறாரு."

"மகராசன்! வாடி, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்."

தங்கைக்கு உண்மை தொண்டை வரை வந்தது. அக்காவின் ஈரமான முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். அழைத்துப்போனாள்.

அக்கா அவர் எதிரே நின்று கை கூப்பினாள். பச்சைக்கொடியார் எழுந்திருக்கவில்லை. திரையிலிருந்து பாதிக் கண்ணை எடுத்து, "இருக்கட்டும்மா, எங்க கடமைதானே" என்றார்.