தேநீர்க் குடுவையில் வந்த எலி

எங்கள் மலையில் எலிக்கும் சட்டம் உண்டு. ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. அறையில் இருக்கும் பார்லியை வீட்டெலி தின்றால் அது காவல்காரன் குற்றம்; பூனையைச் சரியாக வளர்க்கவில்லை என்று அர்த்தம். சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். காட்டெலி தின்றால் அது ஆலங்கட்டி மழை மாதிரி, இறைவன் செயல். யாரும் யாரையும் கேட்க முடியாது.

காவல்காரன் பாஸுவின் பூனை கொஞ்சம் பருமன். அது நுழைவதற்காகக் கதவு ஓட்டைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் மொஹாவின் வெள்ளாடு அந்த ஓட்டை வழியாகப் போய்வந்தது. நம்பாதவர்கள் அந்தப் பூனையைப் பார்த்ததில்லை.

அந்த மொஹாதான் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்க்கூட்டத்துக்கு நடுவே தேநீர்க் குடுவையைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஓர் எலி, உயிரோடு. தன் அறையில் மூன்று மூட்டை பார்லியை எலி தின்றுவிட்டது என்றான். அவன் அங்கே வைத்திருந்ததே இரண்டு மூட்டைதான். மூன்றாவதை எலி எங்கே போய்த் தின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. மொஹாவிடம் ஒரு கேள்வி கேட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

"சாவியக் கீழ வைக்கச் சொல்லுங்க பெரியவரே. எம் மச்சினன் சும்மாத்தான் இருக்கான்," என்றான் மொஹா.

சாவி போனால் பாஸுவுக்கு வேறு எதுவும் இல்லை. நிலம் கிடையாது, வீட்டுக்கு ஒரு படி என்று வரும் காவல் தானியம்தான் சோறு. அதைவிட, அப்பன் தோளிலிருந்து தன் தோளுக்கு வந்த சாவிக்கொத்து மொஹாவின் மச்சினன் தோளில் ஆடுவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கூட்டத் தலைவர் ஸாயிதிடம் எலியைத் தன் கையில் தரச் சொன்னான்.

பிடரியைப் பிடித்துத் தூக்கி வெயிலில் காட்டினான். கண்ணைப் பாருங்கள், மிளகு மாதிரி பிதுங்கி நிற்கிறது. வீட்டெலிக்குக் கண் சிறுத்திருக்கும் என்றான். காதை முன்னால் மடக்கினால் அது கண்ணையே மறைத்தது, அவ்வளவு பெரிய காது. வயிறு வெள்ளை, மார்பில் மஞ்சள் தீற்றல். பின்னங்காலை இழுத்துக் காட்டி, இது தாவுகிற கால், சுவரோரம் ஊர்கிற கால் இல்லை என்றான். மோந்து பார்க்கச் சொல்லி ஆளாளுக்கு நீட்டினான்; வீட்டெலியின் மூத்திர வாடை இல்லை. கடைசியாக உதட்டை விலக்கினான். வீட்டெலிக்கு மேல் பல்லின் உட்பக்கம் படி வெட்டியதுபோல ஒரு பள்ளம் இருக்கும். இதற்கு இல்லை.

மொஹாகூட மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தான். அவன் பேசாமல் உட்கார்ந்ததை அதற்கு முன் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

"காட்டெலிதான்," என்றார் ஸாயித். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்." பாஸு நெஞ்சை நிமிர்த்தினான். பெரியவர் தாடியை நீவியபடி தொடர்ந்தார். "ஆனா காட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு மொட்டச் சரிவு கெடக்கே. புல்லு இல்ல, பொந்து இல்ல, மேல பருந்து. இது நடந்து வந்திருக்காது. யாரு தூக்கிட்டு வந்தா?"

கருவாலி மரக் காடு அறுவடை முடியும்வரை பூட்டு. விறகு, தழை, கொட்டை எதையும் தொடக்கூடாது. அதுவும் சட்டம்தான்.

எல்லா அறைகளையும் திறக்கச் சொன்னார்கள். பாஸுவே திறந்தான், அது அவன் வேலை. ஒன்பதாவது கதவு அவன் தங்கை இட்டோவினுடையது. புருஷன் செத்தவள். அந்த வருஷம் ஆலங்கட்டி அவள் வயலை மட்டும் தேடி வந்து விழுந்திருந்தது. வைக்கோலை விலக்கினால் ஒரு சாக்கு நிறையக் கருவாலிக் கொட்டை. பிள்ளைகளுக்கு மாவரைக்க. சாக்கின் மூலையில் எலி கடித்த ஓட்டை.

தண்டனையும் பழையதுதான்: அறையைக் காலிசெய்ய வேண்டும், கூட்டத்துக்கு ஒரு வேளை விருந்து வைக்க வேண்டும். அவளிடம் ஓர் ஆடு இருந்தது.

அவளிடம் இருந்த மறுசாவியை வாங்கப் போன பாஸு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

"சொல்லியிருந்தா? வீட்டெலின்னு சொல்லியிருப்பியாண்ணே?"

பாஸு சாவியை வாங்கிக் கொத்தில் கோத்துக்கொண்டான்.

விருந்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆட்டின் ஈரலைப் பாஸுவின் தட்டில் வைக்கச் சொன்னார் ஸாயித். அறிவாளிக்கு ஈரல்தான் மரியாதை. இட்டோ வைத்தாள். மொஹா இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆடு கொஞ்சம் கிழடு என்றான்.

விருந்தாளிகள் அந்தப் பல் விஷயத்தை இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டார்கள். சபை முழுக்க பாஸுவைப் பார்த்தது. கை கழுவ நீர் ஊற்றியபடி இட்டோவும் பக்கத்தில்தான் நின்றாள்.

பாஸு முதலில் கண்ணிலிருந்து ஆரம்பித்தான்.