கவரைப்பேட்டையில் ஏறுபவர் ஒருவர்

பீட்டரின் ஜெராக்ஸ் கடையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள்: கம்ப்யூட்டருக்கு முன்னால் சுழல் நாற்காலியில் பீட்டர். அவன் தோளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் ஸ்டூலில், எங்கள் கம்பெனி பேக்கிங் பிரிவின் ஏஞ்சலின். மடியில் அவள் போன். லேமினேஷன் மிஷினுக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நான். வாசலில், பைக்கிலிருந்து இறங்காமல் ஒரு காலை மட்டும் படியில் ஊன்றியபடி, காண்ட்ராக்ட் மேஸ்திரி ராஜமாணிக்கம். ஏஞ்சலினோடு வேலை பார்க்கும் கல்பனாவுக்கும் ஒரு ஸ்டூல் இருந்தது. அவள் உட்காரவில்லை.

காலையில் கம்பெனி நோட்டீஸ் போர்டில் புதிய பஸ் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். 'கவரைப்பேட்டை: ஏறுபவர் ஒருவர். ஒன்றாம் தேதி முதல் நிறுத்தம் ரத்து.' அந்த ஒருவர் கல்பனா. உண்மையில் முதல் ஷிப்டுக்கு விடியுமுன் அங்கே ஒரு கூட்டமே நிற்கும். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. மற்ற பெண்களை வீட்டு ஆண்கள் யாராவது பைக்கில் கொண்டுவந்து விட்டாலும் விடுவார்கள். கல்பனாவின் புருஷனோ, பஸ் வராவிட்டால் வேலைக்கே போக வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரிடமும் மெயில் முகவரி கேட்டார்கள். ஏஞ்சலினைத் தவிர யாருக்கும் இல்லை. "எதுனா ஒண்ணு போட்டு அனுப்புப்பா" என்றார் ராஜமாணிக்கம். விண்ணப்பங்களை அடித்துக்கொடுத்த பீட்டர் எல்லோருக்கும் ஏஞ்சலின் முகவரியையே போட்டுவிட்டான். போன வாரம் சென்னை ஹெச்.ஆர். ஆபீஸ் பஸ் படிவத்தை மெயிலில் அனுப்பியது. அது ஏஞ்சலினுக்குத்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே தன் பெயரையும் நிறுத்தத்தையும் போட்டு அனுப்பினாள். 'நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது' என்று வந்தது. அதற்குக் கீழே, 'பதிலைத் திருத்துக'. போன் பக்கத்து சீட்டுக்குப் போனது. அங்கே இருந்தவள் 'திருத்துக'வைத் தொட்டு, ஏஞ்சலின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். அவளுக்கும் நன்றி வந்தது. இப்படியே சீட்டு சீட்டாக. கடைசி சீட்டு கல்பனாவுடையது.

"அப்போ அத்தினி பேரையும் அழிச்சது இந்தம்மாதான்" என்றார் ராஜமாணிக்கம்.

"என் கைக்கு வர்றப்ப, எனக்கு முந்தி போட்ட சாலிஹா பேரு ஒண்ணுதான் இருந்துச்சு மேஸ்திரி. அத மட்டும்தான் அழிச்சேன். மீதிய அவங்கவங்க அழிச்சிக்கினாங்க."

பீட்டர் படிவத்தை மறுபடி திறந்தான். 'பதில்கள் பெறப்படுவது நிறுத்தப்பட்டது.' ராஜமாணிக்கம் சென்னைக்குப் போன் போட்டார். பேசிய பெண், எதுவானாலும் மெயிலில் அனுப்புங்கள் என்று வைத்துவிட்டாள். பீட்டர் நடந்ததை அடித்து அனுப்பினான். கை எடுக்குமுன் பதில் வந்தது. பேருந்து தொடர்பான கோரிக்கைகளுக்குக் கீழுள்ள படிவத்தை நிரப்பவும். திறந்து பார்த்தால் அதே படிவம்.

"நன்றி சொல்லிக்கினே கழுத்த அறுக்குது" என்றாள் ஏஞ்சலின்.

"எல்லாருக்கும் புதுசா மெயில் போட்டுக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"போட்டா இன்னாண்ணா பிரயோஜனம்? கம்பெனி ரெக்கார்டுல இருக்கிறது ஏஞ்சலினக்கா மெயிலு. அத மாத்தணும்னாலும் ஒரு ஃபார்ம் கீது. அதுவும் அந்த மெயிலுக்குத்தான் வரும்" என்றான் பீட்டர்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரு முழு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். ஆர்.கே.பேட்டை பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் விண்ணப்பக் கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று சென்னை ஆபீஸுக்கு எழுத ஆரம்பித்தேன்.

"லெட்டரா?" ராஜமாணிக்கம் சிரித்தார். "புறா ஒண்ணு புடிச்சிக்கினு வரட்டா, இம்மானுவேலு?"

நான் நிமிரவில்லை. எழுதி முடித்து உரக்கப் படித்தேன். 'மேஸ்திரி திரு. ராஜமாணிக்கம் அவர்கள் கூறியபடி அனைவருக்கும் ஒரே முகவரி கொடுக்கப்பட்டது' என்ற இடம் வந்ததும் அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"என் பேர எடு."

"எடுத்தா, தப்பு இவங்க மேலன்னு ஆயிடும்."

"எடுக்கலன்னா என் சோறு போயிடும்யா."

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. கல்பனா முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவர் பேரு வேணாண்ணா. காண்ட்ராக்ட் தரப்புலன்னு போடு. ஆனா மேஸ்திரியும் கீழ கையெழுத்து போடணும். தெனம் பஸ்ல நாங்க ஏறுறத பாத்தவருதான?"

ராஜமாணிக்கம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பீட்டரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டார். நான் அந்த வரியை மாற்றி முழுவதையும் திரும்ப எழுதினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தடவை போட்டார். ஏஞ்சலின் தாளைத் தெருத்தெருவாக எடுத்துப்போய், பஸ் ஏறுகிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவந்தாள். இம்முறையும் கல்பனாதான் கடைசி.

பேனாவைப் பிடித்தபடி தயங்கினாள். "நான் போட்டா மேல கீறது எதுவும் போயிடாதே?"

"போடும்மா, இது பேப்பரு" என்றார் ராஜமாணிக்கம்.

அவள் அழுத்தி எழுதினாள். உறைக்குப் பசை தடவி ஓரம் ஓரமாக நானே ஒட்டினேன். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போகவேண்டும் என்று மேஸ்திரி கல்பனாவையும் என்னையும் விரட்டினார். கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் பட்டை ஒட்டி, முத்திரை குத்தி, கடிதத்தைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டார்கள். ரசீதைக் கல்பனா வாங்கிக்கொண்டாள். அதில் எங்காவது நன்றி என்று போட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.