பலவேசம் வீட்டு நிலவறைக் கடல்

சுப்புலட்சுமி கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த மறுநாளிலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அவள் கட்டியிருந்த சேலை கடல் தண்ணீரில் நனைந்தது. நடுவீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். சேலைக் கரையோரம் ஈரம் தட்டும். கணுக்கால் வரை ஏறி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு வந்த மாதிரியே இறங்கிவிடும். காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். இது 1953ஆம் வருஷம் வைகாசியில் தொடங்கியது. அந்த வருஷம் வத்தல் விலை இறங்கியது, தீக்குச்சி மருந்துக்கான குளோரேட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது, திருத்தங்கல் ரோட்டில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ் புதிதாகத் திறந்தார்கள்; தொழிற்சாலைக்கு அங்கே அப்படித்தான் பேர். ஊர் இதையும் அவற்றோடு சேர்த்துப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. மாமியார் முருகம்மாள் மட்டும் சும்மா இருக்கவில்லை. உதறி எடுத்த உப்பை ஒரு ஜாடியில் சேர்த்து வைத்தாள். அதில் போட்ட ஊறுகாய் இரண்டு வருஷம் கெடாமல் இருந்தது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

என்ன ஏது என்று முதலில் கண்டுபிடித்தவர் சுப்புலட்சுமியின் அண்ணன் சங்கரபாண்டியன். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் கம்பெனி ஒன்றில் வேலை. தங்கச்சியைப் பார்க்க வந்தவர், சேலை நனையும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் இரண்டு நாள் பார்த்தார். முதல் நாளைவிட மறுநாள் முக்கால் மணி நேரம் தள்ளிப் போயிருந்தது. "மாப்பிள, இது ஏத்தத் தண்ணி. அங்கன கடல் ஏறுற நேரத்துக்குத்தான் இங்கன இவளுக்கு ஏறுது" என்றார். அதன் பிறகு மாதாமாதம் ஏற்ற நேரங்களை ஒரு கார்டில் நுணுக்கி எழுதித் தபாலில் அனுப்பினார். அந்த வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தக் கார்டு தொங்கியது.

காரணம் அவள் புருஷன் பலவேசத்துக்குத் தெரியும். அவன் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். சுப்புலட்சுமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் பிறந்த பெண் வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால், தாலி கட்டிய கையோடு கடலுக்குப் போய், காலை நனைத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும். அவள் கிளம்பத்தான் கிளம்பினாள். பலவேசம்தான், "ஏளா, ரயிலுக்கு நேரமாச்சு, இன்னொரு நாள் சொல்லிக்கலாம்" என்றான். மறுநாள் காலையில் அவன் பட்டாசு ஆபீஸிலிருந்து ஒரு லோடு கிளம்ப வேண்டியிருந்தது. வடக்கே கல்யாண சீசன் நேரம். புது மாப்பிள்ளையாக இருந்தாலும் அவனுக்கு லோடுதான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது.

கணுக்காலோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. வருஷத்துக்கு ஒரு சாண் ஏறியது. 1955இல் முழங்காலைத் தொட்டதும் பயந்துபோய் அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனான். அவள் கடலில் இறங்கி நின்று, விட்டுப்போனதைச் சொன்னாள். அன்று ஒரே நாளில் மேலும் அரைச் சாண் ஏறிவிட்டது. அடுத்த ரயிலிலேயே திரும்பினார்கள். மதுரையில் பெரிய டாக்டர் ஒருவர் அதிக வியர்வை என்று எழுதி மாத்திரை கொடுத்தார். ஏணியில் ஏற்றிப் பார்த்தார்கள், மாடியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அது தரையிலிருந்து அளக்கிற தண்ணீர் இல்லை, அவள் உடம்பிலிருந்து அளக்கிற தண்ணீர். எங்கே நின்றாலும் அதே அளவுதான். குழந்தை பிறக்கவில்லை, அதற்கும் இதுதான் காரணம் என்று ஊர் சொன்னது. 1958இல் தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்திருந்தது.

பலவேசத்தின் பிழைப்பு முழுக்க ஈரத்துக்கு எதிரானது. வெடிமருந்து காயவேண்டும், தாள் காயவேண்டும், ஒட்டிய பசை காயவேண்டும். ஆபீஸ் வாசலில் கை கழுவியவர்கள் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். மழை மேகம் கண்டால் களத்தில் காயும் வெடிச் சரத்தை அள்ளிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் அவன்தான் முன்னால் ஓடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் ஒருநாள்கூட அந்த ஆபீஸுக்குள் கால் வைத்ததில்லை, வைக்க விடமாட்டார்கள். ஊரில் எந்த ஈரத்தையும் உலர்த்தத் தெரிந்த மனுஷன், அவளுக்கு முன்னால் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நின்றான். நெஞ்சு, அடுத்த வருஷம் கழுத்து, அதற்கடுத்து மூக்கு என்று அவன் விரலை மடக்கி எண்ணினான். அந்தக் கணக்கை அவளும் போட்டிருப்பாள் என்பது அவனுக்கு அதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

சங்கரபாண்டியன் ஒரு தடவை மெட்ராஸ் போனபோது கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் விட்டிருப்பதைப் பார்த்து வந்து பேச்சுவாக்கில் சொன்னார். பலவேசம் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம், "கடலு இவளைத் தேடித்தானே மச்சான் வருது? வந்தா உக்கார இடமில்ல. அதான் இவ மேல ஏறுது. நம்ம ஒரு இடம் கட்டிக் குடுத்துருவோம்" என்றான். இடம் அவன் வீட்டுக்கு அடியிலேயே இருந்தது. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று பயந்து அவன் அப்பா வெட்டிய நிலவறை. குண்டு எதுவும் விழாததால் அதில் லேபிள் தாள் அடுக்கி வைத்திருந்தார்கள். தாளையெல்லாம் அவன் தம்பி அய்யாதுரை முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏற்றினான்.

மல்லாங்கிணற்றிலிருந்து பெத்தணன் என்ற கொத்தனார் வந்தார். கிணறு கட்டுவதில் கெட்டிக்காரர். தொட்டியின் அளவைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "கெணத்துல தண்ணி வரலன்னு அழுத ஆளுகளத்தான் இம்புட்டு நாளும் பாத்திருக்கேன். கொண்டாந்து ஊத்துனதக் காபந்து பண்ணச் சொல்றது நீங்கதான் மொதலாளி" என்றார். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஐந்தரை அடி உயரம். மூன்று பக்கம் செங்கல் சுவர். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் பதினைந்து நாள் ஊறவைத்து அரைத்துப் பூசினார். நான்காவது பக்கம் கண்ணாடி. ஒரு விரல் கனத்தில் மெட்ராஸிலிருந்து வைக்கோலில் பொதிந்து ரயிலில் வந்தது, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வரும்போது லெவல் கிராசிங்கில் குலுங்கி உடைந்தது. இரண்டாவது கண்ணாடியைப் பன்னிரண்டு பேர் தோளில் சுமந்து நடந்தே வந்தார்கள். நிலவறைப் படியில் அது திரும்பவில்லை. ஆகவே நடுவீட்டுத் தரையை உடைத்து, கயிறு கட்டி மேலிருந்து இறக்கினார்கள். சாக்கு நாரும் தாரும் சேர்த்து இடுக்கெல்லாம் அடைத்தார் பெத்தணன். உள்ளே காற்று ஊதுவதற்கு லேத்துப் பட்டறையில் சொல்லி ஒரு சின்ன மோட்டாரும் துளை போட்ட ஈயக்குழாயும் செய்து வாங்கினார்கள். அது வீடு முழுக்க ஆஸ்துமாக்காரர் படுத்திருக்கிற மாதிரி இரைந்தது.

தண்ணீர் லாரியில் வந்தது. தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து சும்மா திரும்புகிற லாரிகள், இப்போது மரப் பீப்பாயில் கடலைக் கொண்டுவந்தன. மொத்தம் நாற்பத்தேழு பீப்பாய். நாற்பத்தாறாவது ஊற்றும்வரை ஒன்றும் நடக்கவில்லை. கடைசிப் பீப்பாயில் தொட்டித் தண்ணீர் சுப்புலட்சுமியின் நெஞ்சளவுக்கு வந்தது. மேலே அடுப்படியில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏற்ற நேரம் வந்தது. சேலை கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. கீழே தொட்டியில் தண்ணீர் நாலு விரல் உயர்ந்து, மூன்று மணி நேரம் கழித்து இறங்கியது. முருகம்மாள் மருமகளைச் சுற்றிச் சுற்றி வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள். பலவேசம் நிலவறைப் படியில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான்.

முதலில் விட்ட மீன்கள் புதுச் சுண்ணாம்பின் காரம் தாங்காமல் செத்தன. பெத்தணன் சொன்னபடி இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, நாற்பத்தெட்டு நாள் காத்திருந்து மறுபடி விட்டார்கள். இந்தத் தடவை பிழைத்தன. கறுப்பு வரி போட்ட மஞ்சள் மீன்கள், இரண்டு கடல் குதிரை, ஒரு நட்சத்திர மீன், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு முழம் நகரும் உயிர்ச்சங்கு ஒன்று. சங்கரபாண்டியன் வரும்போதெல்லாம் பானையில் எதையாவது கொண்டுவந்தார். சுப்புலட்சுமி காலையில் இறால் நறுக்கிப் போட்டுவிட்டு, முக்காலி போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சங்குக்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை. "அது எங்க ஊருல பெரியவுக மாதிரி, பேர் சொல்லக் கூடாது" என்றாள். திருத்தங்கல், காரியாபட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து கடல் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்கு வருஷம் தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டவில்லை. அந்த நான்கு வருஷமும் பலவேசம் நன்றாகத் தூங்கினான், கொஞ்சம் தொப்பைகூடப் போட்டது.

1962 பங்குனியில் கண்ணாடியில் பாசி பிடித்தது. துணியால் துடைத்தார்கள், திரும்ப வந்தது. தண்ணீரிலும் லேசாக வாடை அடித்தது. சுப்புலட்சுமி மாமியாரோடு கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பலவேசம் இறங்கிப் பார்த்தான். பட்டாசு ஆபீஸில் தினமும் காலையில் மைதா மாவில் பசை காய்ச்சுவார்கள். அதில் பூச்சி அரிக்காமல், பூஞ்சணம் பூக்காமல் இருக்க, நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும் மயில்துத்தத்தை ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அவன் தாத்தா போட்டார், அப்பா போட்டார், அவனும் பத்து வயசிலிருந்து போடுகிறான். கெடுகிற எதற்கும் துத்தம் என்பது அவன் கையிலேயே ஊறிப்போன புத்தி. தொட்டி பெரிதாக இருந்ததால் ஒரு படி எடுத்து இடித்துக் கரைத்து ஊற்றினான். தண்ணீர் அழகாக நீலம் பூத்தது. இப்போதுதான் கடல் மாதிரி இருக்கிறது என்று அவன் நினைத்தான்.

கோயிலிலிருந்து திரும்பிய சுப்புலட்சுமி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது, அது ஏற்ற நேரம் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தபோது வரி மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. கடல் குதிரைகள் அடியில் சுருண்டு கிடந்தன. சங்கு மட்டும் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடி விட்டு விழுந்தது.

"துத்தமா போட்டீக?" என்று கேட்டாள்.

"பாசிக்கு நல்லதுன்னு" என்றான் பலவேசம்.

"சரி விடுங்க. நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீக" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்றாம் நாள் தண்ணீர் அவள் கழுத்தில் நின்றது. தொட்டியை இறைத்து, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கொட்டினார்கள். அங்கே அப்புறம் புல் முளைக்கவில்லை. பெத்தணன் வந்து பூச்சைச் செதுக்கிப் புதிதாகப் பூசினார். மறுபடி நாற்பத்தேழு பீப்பாய் வந்தது. தொட்டி நிறைந்தது, ஆனால் ஏறவில்லை, இறங்கவில்லை. அது வெறும் உப்புத் தண்ணீராகக் கிடந்தது. ஒருமுறை கொடுத்த இடத்தில் அப்படி நடந்துகொண்டால் யார்தான் மறுபடி வந்து தங்குவார்கள் என்று முருகம்மாள் சொன்னாள். மகன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

அந்த ஆடி அமாவாசை அன்று காலை பத்து நாற்பதுக்குப் பெரிய ஏற்றம் என்று கார்டில் இருந்தது. சங்கரபாண்டியன் முதல் நாளே வந்துவிட்டார். அய்யாதுரை ஆபீஸுக்கு லீவு விட்டான். நடுவீட்டில் சுப்புலட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பலவேசம் எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தாடை நனைந்தது. உதடு நனைந்தது. "பயமா இருக்குங்க" என்றாள். அதுதான் அவள் சொன்னது. அவன் "நான் இருக்கேன்ளா" என்றான். அவன் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். தண்ணீர் மூக்கைத் தாண்டியது. அவள் கன்னம் உப்பியது, வாயிலிருந்து குமிழிகள் கிளம்பிக் கூரையை நோக்கிப் போயின. பின்னல் அவிழ்ந்து தலைமுடி மேலே எழும்பி மெதுவாக அசைந்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் அவனைப் பார்க்கவில்லை. பிறகு குமிழியும் நின்றது. சங்கரபாண்டியன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். பலவேசம் கையை விடவில்லை. அவன் மணிக்கட்டு வரை ஜில்லென்று நனைந்திருந்தது.

கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் இறங்கியது. அவள் ஒரு தடவை இருமினாள், வெந்நீர் கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, "அதெல்லாம் அங்கனதான் இருக்கு" என்றாள். "எது?" என்று கேட்டார்கள். "நம்ம மீனுகதான். சங்கும் இருக்கு. என்னய அடையாளம் தெரியுது அதுகளுக்கு" என்றாள். பலவேசம் எழுந்து கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அதிலிருந்து தினமும் இரண்டு தடவை அவள் மூழ்கி எழுந்தாள். கால் மணி நேரம் அரை மணியானது, மறுவருஷம் ஒரு மணியானது. ஒவ்வொரு தடவையும் பலவேசம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்; ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்தான். பழகிப்போகும் என்றார்கள். அவனுக்குப் பழகவே இல்லை. ஏற்ற நேரத்துக்குத் தக்கபடி அந்த வீட்டில் சோறு பொங்கினார்கள், விருந்தாளிகள் கார்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தபால்காரர்கூட அவள் மூழ்கியிருந்தால் கதவைத் தட்டாமல் கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

1966 ஐப்பசியில், தீபாவளி லோடு கிளம்புகிற வாரம், பட்டாசு ஆபீஸ் வாசலில் பலவேசத்தைக் கணக்கப்பிள்ளை நிறுத்தினார். "மொதலாளி, வேட்டி நனைஞ்சிருக்கு" என்றார். பலவேசம் குனிந்து பார்த்தான். கணுக்கால் வரை ஈரம். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான், கரித்தது. அவன் போட்ட சட்டம்தானே. சாவிக்கொத்தை அய்யாதுரை கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். வருஷத்துக்கு ஒரு சாண் என்றால், தன் உயரத்துக்கு ஏழு வருஷம் ஆகும் என்று வழியில் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டான். வீட்டில் அவள் அப்போதுதான் எழுந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேட்டியை அவள் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கொடியில் காய்ந்த வேட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள்.

"ஏழு வருசந்தானே. அதுவரைக்கும் சங்குகிட்ட சொல்லிவைக்கேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து முருகம்மாள் உப்புக்கு இரண்டாவது ஜாடி வைத்தாள்.