முழங்கைக்குப் பின்னால்

பெரியம்மாவின் கருங்குழி வீட்டுக் கூடத்தில், பரணி டிவி பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஹரிப்ரியா லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருந்தது. வேறு நாற்காலி இல்லை. கடலில் மூழ்கிப் போன அவனுடைய காரியத்துக்குத்தான் பேனர் செய்ய வந்திருந்தாள். கல்யாணமோ கருமாதியோ, அந்தக் குடும்பத்தில் பேனர் என்றால் அவள்தான். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கு விளம்பரம் வடிவமைப்பவள் என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு ஒரு பொருட்டல்ல. இனிஷியல் தப்பில்லாமல் போட்டால் போதும். பெரியம்மா மகன் பரணிதரன் ஒருவன்தான் அவள் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

பெரியப்பா அப்பாசாமி அனுப்பியிருந்த படத்தைத் திறந்தாள். கடற்கரையில் கையை இடுப்பில் ஊன்றிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் பரணி. பின்னால் அவள் செய்த பலகை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதிக்காகச் செய்தது. அலை ஆளை இழுக்கும் இடம். அவள் முதலில் போட்டுக் காட்டியது மஞ்சள் பலகை. அதில் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி கறுப்பில் ஒரே வரி: 'இங்கே இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.' ஜாலியா வர்றவங்கள இப்படியா வரவேற்பாங்க என்று விடுதி மேனேஜர் சிரித்தார். கொஞ்சம் வாதாடிப் பார்த்தாள். பிறகு, கூலிக்கு மாரடிக்க வந்தவளுக்கு எதற்கு வீம்பு என்று நீலத்தில் ஓர் அலை வரைந்தாள். வரைய ஆரம்பித்த பிறகு கை நிற்கவில்லை, அவ்வளவு அழகாக வந்தது. நடுவில் பெரிய எழுத்தில் 'அலையோடு அளவாய் விளையாடுவோம்.' கடலில் இறங்கக் கூடாது என்பது கீழே பொடி எழுத்தில். ஜனங்கள் அதன் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. விருதோடு நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டவளும் அவள்தான்.

பெரியம்மா பூவாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"பின்னாடி கீற போர்ட வெட்டிடாதம்மா."

"ஆளு மட்டும் போதும் பெரிம்மா. வேற கலர் வெச்சிக்கலாம்."

"வேணாம். எங்க அக்கா செஞ்சதுன்னு காட்டத்தான் கூட்டாளிங்கள அங்க இட்டுக்கினு போனான். போட்டோ அனுப்பிட்டு, எப்டி கீதும்மான்னான். நல்லாக்கீதுடான்னேன். அதுக்கப்பறந்தான் தண்ணில எறங்கிக்கீறான்."

தன் பலகையைப் பார்க்கத்தான் அவன் அங்கே போயிருக்கிறான் என்று இதுவரை யாரும் ஹரிப்ரியாவிடம் சொல்லவில்லை. பூவாயி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதற்கும் இப்போது கண்ணில் தெம்பில்லை. திரையை விரலால் தொட்டாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

ஹரிப்ரியா படித்துக் காட்டினாள்.

"வெளாடச் சொல்லியா எழுதிக்கீது?" பூவாயியின் விரல் பலகையின் கீழ்ப்பக்கம் நகர்ந்தது. "எறங்காதன்னு எங்கியும் எழுதலியா?"

"எழுதியிருக்கு பெரிம்மா. அவன் முழங்கை மறைச்சிருக்கு."

பூவாயி மகனின் முழங்கையை உற்றுப் பார்த்தாள். "எப்பவும் இப்டித்தான் கைய வெச்சிக்கினு நிப்பான். திரும்பிப் பாத்திருக்கலாம். அவன் மேலதான் தப்பு."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு முழங்கை மறைக்கிற அளவுக்கு அந்த எழுத்தைச் சிறிதாக்கியது யார் என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த பெரியப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆச்சாம்மா? பிரிண்ட் போட்றவன் கேட்டுக்கினே கீறான்."

"தோ, ஆச்சு பெரிப்பா."

பரணியைப் பெரிதாக்க வேண்டும், பலகையும் இருக்க வேண்டும். அவள் அவனைச் சுற்றி வெட்டினாள். தோள், முழங்கை, காற்றில் கலைந்த முடி. வெட்டிய உருவத்தைத் தனியே எடுத்து, திரையில் தெரியாதபடி மறைத்துவைத்தாள். அவன் நின்ற இடத்தில் அவன் அளவுக்கே ஒரு வெள்ளை ஓட்டை இருந்தது. சுற்றியிருப்பதைக் கொண்டே அதை நிரப்ப லேப்டாப்பில் ஒரு கட்டளை உண்டு. பழக்கத்தில் விரல் அழுத்திவிட்டது. முழங்கை மறைத்த பொடி எழுத்துகூடத் திரும்ப வரவில்லை. சுற்றியிருந்த நீலம் நாலா பக்கமும் நகர்ந்து வந்து, இடுப்பை, தோளை, முகம் இருந்த இடத்தை மூடிக்கொண்டது.

பூவாயி திரைக்கு அருகே குனிந்தாள்.

"புள்ள எங்கம்மா?"