மூன்றாவது படம்

பீளமேட்டு அலுவலகத்தின் நாலாவது மாடியில், சோற்றுக்கு எழலாம் என்று செவ்வந்தி நாற்காலியைத் தள்ளியபோதுதான் அந்தக் கருத்து வந்து விழுந்தது. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, விடுவதும் தள்ளுவதும் அவள் வேலை. பதில் எழுத அனுமதியில்லை. போனும் பேனாவும் கூட வாசலில் பெட்டிக்குள் போய்விடும்.

இன்றைக்கு ஏதோ ஒரு ஆப்பிரிக்கப் பஞ்சம். இங்கிலாந்தில் விடிந்ததும் வாசகர்களுக்கு இரக்கம் வரும். பிறகு எந்த அரசாங்கத்தின் குற்றம் என்று சண்டை. அப்புறம் சண்டைக்காரர்களும் பூனைச் செய்திக்கு நகர்ந்துவிடுவார்கள். போன வருஷத்துப் பஞ்சமும் இப்படித்தான் போனது. அவளுக்கு அலுத்துவிட்டது.

இந்தக் கருத்து வேறு மாதிரி இருந்தது. 'மூன்றாவது படத்தில் சிவப்புத் துணி போர்த்தியிருப்பவள் என் அக்கா. இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. எந்த முகாம் என்று யாராவது சொல்லுங்கள்.' கீழே போன் நம்பர்.

நம்பர் இருந்தால் தள்ளிவிட வேண்டும். டீம் லீடர் கதிர்வேலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தள்ளி விட்டுருங்க அம்மணி. விட்டா ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சுரும்."

"பத்திரிகைக்கு ஒரு மெயிலாச்சும் போடுங்கண்ணா. படம் எடுத்தவருக்கு எடம் தெரியாமயா இருக்கும்?"

முனகிக்கொண்டே போட்டார். பதில் உடனே வந்துவிட்டது. காலை உணவு நேரத்தில் அந்தப் படம் சங்கடப்படுத்துவதாகப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்களாம். உங்கள் புகாருக்கும் நன்றி, மூன்றாவது படத்தை நீக்கிவிட்டோம்.

"நாம புகாரே சொல்லலீங்களே."

"மூணாவது படம்னு பாத்திருப்பாங்க. அதுக்கு மேல எவன் படிக்கறான்?"

அவருடைய திரையில் அந்த இடத்தில் தானிய மூட்டைகள் அடுக்கிய வேறு படம் இருந்தது. அவளுடையதில் பக்கம் பழையபடியே நின்றது. ரெஃப்ரெஷ் செய்தால் படம் போய்விடும். வரிசையில் அதே ஆளின் அடுத்த கருத்து வந்தது: 'படம் எங்கே?'

கதிர்வேல் அதைப் படித்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நான் சோத்துக்குப் போறனுங்க. வந்து பாக்கறப்ப ரெண்டையும் தள்ளியிருக்கோணும்."

அவர் போனதும் படத்தைப் பெரிதாக்கினாள். அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பெயர்ப்பலகை. அதில் செவ்வந்திக்குத் தெரியாத எழுத்துகள். நம்பரை உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு பலகையின் எழுத்துகளை விரலால் மேசைமேல் வரைய ஆரம்பித்தாள்: ஒரு வளைவு, மேலே ஒரு புள்ளி, மறுபடியும் வளைவு.